மனைவியைத் தாண்டும் டங்க்

கூடைப்பந்தில் டங்க் போட்டி என்றால் ஜனங்களுக்குக் கொண்டாட்டம்தான். ஆட்டமாவது, கோப்பையாவது! எவன் எவ்வளவு உயரம் எம்பிக் கூடைக்குள் பந்தைத் திணிக்கிறான் என்று வாயைப் பிளந்து பார்த்தால் போதும்.

வெட்டுக்கிளி என்று பெயர் வாங்கியவன் பன்னிரண்டு வருடங்களாக ஒரே வித்தையைத்தான் காட்டி வந்தான். கூடைக்கு முன்னால் அவன் மனைவி முதுகைக் காட்டி நிமிர்ந்து நிற்பாள். பின்னாலிருந்து ஓடிவந்து, அவள் தலைக்கு மேலே தாண்டிப் பந்தைத் திணிப்பான். அவன் காலடிச் சத்தம் அவளுக்கு அத்துப்படி.

இந்த வருடம் கோச் கறாராகச் சொல்லிவிட்டார். "இதுல ஜெயிச்சா டீம்ல இரு. இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்." முட்டியோ படி ஏறும்போதே முனகியது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினான், எம்பினான், திணித்தான். அவள் தலைமுடிகூட அவன் மேல் படவில்லை!

அரங்கம் அதிர்ந்தது. ஐந்து நடுவர்களும் பத்து மதிப்பெண் அட்டையைத் தூக்கினார்கள். பாவிமனுஷன், சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டான்.

அப்புறம் பெரிய திரையில் அதையே மெதுவாக ஓட்டினார்கள். அவன் எம்பிய கணத்தில், எல்லார் கண்ணும் அவன் மேலேயே இருந்தபோது, மனைவி தரையில் குந்தி உட்கார்ந்துவிட்டிருந்தாள். அவ்வளவுதான்! சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு! மறுபடி மறுபடி ஓட்டினார்கள். தூக்கிய அட்டைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

உடை மாற்றும் அறை வாசலில் அவளிடம் எரிந்து விழுந்தான். "ஏன்டி உக்காந்த?"

"காலடி சரியில்லைங்க. என் மேல மோதி விழுந்தா அந்த முட்டி அதோட போச்சு."

"போனா போகட்டும்! மரியாதையாவது மிஞ்சியிருக்கும்ல?"

கோச் அவர்களைப் பார்க்காத மாதிரி கடந்து போனார். அவர் பின்னாலேயே போட்டி அமைப்பாளர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"அடேயப்பா! தூரத்துலேர்ந்து எறியற மூணு பாயிண்ட் போட்டிக்குக்கூட இவ்வளவு கைதட்டல் இல்ல சார். அடுத்த வருஷம் போட்டியில வேணாம், இடைவேளையில வந்து ரெண்டு பேரும் இதையே பண்ணுங்க. நீங்க எம்பணும், அக்கா பொத்துனு உக்காரணும். ஜனங்க வயிறு வலிக்கச் சிரிப்பாங்க."

"அதெல்லாம் வேண்டாங்க" என்றாள் அவள், கண்ணீரை அடக்கிக்கொண்டு.

வெட்டுக்கிளி வீங்கிய முட்டியைப் பிடித்தபடி நின்றான். வெளியே இன்னும் சிரிப்பு ஓயவில்லை.

"எத்தனை தடவை தாண்டணும்?" என்று கேட்டான்.