அண்டைய விலை

சண்டிலிப்பாயில் அருளம்பலத்தாரின் தோட்டத்தில் ஆறு பெண்கள் வரிசையாகக் குந்தியிருந்து வெங்காயம் கிண்டிக்கொண்டிருந்தார்கள். கிண்டியதை மண் உதறி, தாளோடு சேர்த்துப் பிடியாகக் கட்ட வேண்டும். நாட்கூலி அறுபது ரூபா. பத்துப் பிடிக்கு ஒருமுறை பூரணம் எழுந்து இடுப்பில் கையை ஊன்றி நிமிர்ந்தாள்.

"இருபத்திரண்டாயிரத்துக்குச் சொந்தக்காரி. உனக்கென்ன இடுப்பு நோ?" என்றாள் பக்கத்து வரிசை இராசமலர். மற்றவர்கள் சிரித்தார்கள்.

பூரணம் சீமெந்து ஆலைக் கன்ரீனில் பதினாறு வருடம் சமைத்தவள். சண்டையால் ஆலை மூடி, ஊரான தெல்லிப்பழையும் இடம்பெயர்ந்து மூன்று வருடம் கழிந்து, தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு மாசியில்தான் சம்பளத்தில் பிடித்துவைத்த அவளுடைய சேமலாப நிதி, அந்த இருபத்திரண்டாயிரம், கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தது.

"பவுனாய் வாங்கு. ஓடேக்கை கழுத்திலை கிடக்கும்" என்றாள் இராசமலர்.

"போனமுறை கழுத்திலை கிடந்ததை வித்துத்தானே அரிசி வாங்கினனான். இது தின்னிறதுக்கில்லை. எனக்கு நாப்பத்து நாலு. அம்பதுக்குப் பிறகு நான் குனியமாட்டன்."

அடுத்த நாள் வேலைக்கு வராமல், தமக்கையின் சைக்கிளை வாங்கிக்கொண்டு நல்லூருக்குப் போனாள். வங்கியில் கனிசியஸ் என்ற இளம் எழுதுவினைஞர் இருந்தார். பயிற்சிக்குக் கொழும்பு போனபோது கொண்டுவந்த ஒரு துண்டுப்பிரசுரத்தை எடுத்து அவள் முன் விரித்தார்.

"அக்கா, உது யூனிற் ட்றஸ்ற். கனபேரின்ரை காசைச் சேர்த்து, விசயம் தெரிஞ்ச ஆக்கள் முதலீடு செய்வினம். இரண்டு விதம் இருக்கு. ஒண்டு வளர்ச்சி நிதி. கொம்பனிப் பங்கு வாங்கிறது. கூடவும் ஏறும், இறங்கவும் செய்யும். மற்றது வருமான நிதி. அரசாங்கக் கடன் பத்திரங்களிலை போடுவினம். கன ஏத்தமில்லை, மூண்டு மாசத்துக்கு ஒருக்கால் காசு வரும்."

"வளர்ச்சியிலை போட்டிட்டு, இறங்கப் பாத்தால் எடுக்கேலாதோ?"

"ஓம், எடுக்கலாம். உங்கடை கடதாசி கிடைக்கிற நாளிலை என்ன விலையோ, அண்டைய விலைக்குத் தருவினம்."

"விலை எனக்கு எப்பிடித் தெரியும் தம்பி?"

"கொழும்புப் பேப்பரிலை போடுவினம்."

"பேப்பர் இஞ்சை வர?"

"இரண்டு கிழமை."

"தரைப்பாதை பூட்டிக் கிடக்கேக்கை, நான் எழுதிற கடதாசி கிளாலியாலை கடல் கடந்து கொழும்புக்குப் போக?"

"ஒரு மாசம் எண்டு வையுங்கோ."

"அப்ப நான் இறங்கினதைப் பாத்து எழுதி, அது போய்ச் சேர ஒண்டரை மாசம். நீர் சொல்லுற அண்டைய விலை எண்டிறது எண்டைய விலை?"

கனிசியஸ் துண்டுப்பிரசுரத்தில் விலை பற்றிய வரியை மறுபடி பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "அக்கா, எங்களுக்குப் படிப்பிச்சவரிட்டை ஒருத்தரும் உந்தக் கேள்வியைக் கேக்கேல்லை."

"அவை கொழும்பிலை இருக்கினம். எனக்கு மற்றதை எழுதும்."

பதினையாயிரத்தை வருமான நிதியில் போட்டாள். ஏழாயிரம் அவசரத்துக்கென்று வங்கிப் புத்தகத்திலேயே கிடந்தது. திரும்பி வரும் வழியில் தெரிந்தவர்களைக் கண்டபோதெல்லாம் மணியை அடித்தாள்.

அடுத்த போக வெங்காயம் கிண்டும்போது கந்தப்பு வரம்பில் சைக்கிளை நிறுத்தினார். தெல்லிப்பழைத் தபால்காரர். ஊர்ச்சனம் இடம்பெயர்ந்தபோது அவரும் கூடவே எழும்பியவர். ஊருக்கு வரும் கடிதங்கள் இப்போதும் அவர் கையில்தான்.

"பூரணம், இங்கிலீசிலை ஒண்டு."

பூரணம் கையைச் சேலையில் துடைத்துவிட்டு உறையைக் கிழித்தாள். எழுத்துகளை விட்டுவிட்டு இலக்கத்தைத் தேடினாள். கணக்கில் ஐந்நூற்று நாற்பது ரூபா விழுந்திருந்தது.

"ஒம்பது நாள் கூலி. குனியாமல்" என்றாள்.

இராசமலர் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எனக்கும் உந்தப் பெடியனைக் காட்டு."

"காட்டுறன். கந்தப்பண்ணை, நில்லுங்கோ. இண்டைக்குச் சீனி போட்ட தேத்தண்ணி என்ரை கணக்கு."

எல்லோரும் வரம்பில் வந்து உட்கார்ந்தார்கள். உறையின்மேல் பூரணத்தின் அடையாள அட்டையிலிருந்த விலாசம் தட்டச்சில் இருந்தது: வீட்டிலக்கம், ஒழுங்கை, தெல்லிப்பழை. கந்தப்பு தேநீரை உறிஞ்சியபடி பையிலிருந்து மற்றக் கடிதங்களை எடுத்து மடியில் அடுக்கினார்.

"நமசிவாயம், கோயில் வீதி. ஆள் இப்ப எந்தப் பள்ளிக்கூட முகாமிலை?"

"மானிப்பாயிலை. மேல்மாடி" என்றாள் ஒருத்தி.

அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, வீட்டிலக்கத்துக்குப் பக்கத்தில் 'மேல்மாடி' என்று எழுதினார். அடுத்ததை எடுத்தார்.

"பராசக்தி, ஸ்ரேசன் வீதி, இருபத்தேழாம் வீடு."