காட்டு மாங்காய்ப் பக்கம்

நெல்லையப்ப அண்ணாச்சியின் அச்சுக்கூடத்தில் நின்று நான் போட்ட கூச்சலில் ஆரியசாலைத் தெருவே எட்டிப் பார்த்திருக்கும். பார்க்கட்டும். என் புத்தகம், என் பிள்ளை, என் வாய்.

பள்ளிப் பிள்ளைகளுக்காக நான் எழுதிய புத்தகம் அது. கடற்கரை, காயல், அகத்தியமலைக் காடு, அங்கே வாழும் காணிக்காரர்கள் என்று படம் போட்டுச் சொல்வது. பாளையங்கோட்டையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு டீச்சர் வேலைக்கு வந்த நாளிலிருந்து பார்க்கிறேன், காணி என்று சொன்னாலே என் வகுப்புப் பிள்ளைகள் மூக்கைச் சுளிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதற்காகவே எழுதினேன். பஞ்ச காலத்தில் காணிக்காரர்கள் காட்டு மாங்கொட்டையை உடைத்து, உள்ளே இருக்கும் பருப்பைச் சுட்டுத் தின்பார்கள் என்று ஒரு பக்கம். அதன் அடியில், "நீங்களும் சுட்டுத் தின்று பாருங்கள், ருசியில் ஏது மேல் கீழ்?" என்று ஒரு வரி. அதை எழுதிய அன்று எனக்குக் கர்வம் தாங்கவில்லை.

முதலில் கட்டி முடித்த இரண்டு பிரதிகளில் ஒன்றை அண்ணாச்சி நேற்றே வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருந்தார். அதைப் புரட்டிப் பார்க்க எனக்கு நேரம் வாய்க்கவில்லை. மற்றதை இன்று அச்சுக்கூடத்தில் நின்றபடி புரட்டினேன். காட்டு மாங்காய்ப் பக்கத்தில் மாங்காயைக் காணோம். ஒதளங்காய்ப் படம் இருந்தது. "விஷம், தொடாதே" என்று நான் எழுதிய எதிர்ப்பக்கத்தில் மாங்காய் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

ஒதளங்காய் பச்சை மாங்காய் மாதிரியேதான் இருக்கும். உள்ளே இருக்கும் பருப்பைத் தின்றால் நெஞ்சு நின்றுபோகும். இந்த ஊரில் கால்வாய்க் கரையெல்லாம் அந்த மரம்தான்.

"அடப் படுபாவி, அச்சுக் கோக்குறவன் படத்துப் பிளாக்கை மாத்தி வச்சுட்டானே!" என்று அண்ணாச்சி தலையில் கை வைத்தார். "போட்டும் டீச்சரம்மா, கட்டினது ரெண்டுதானே. மிச்சத்தைத் திருத்திப்புடலாம்."

"அந்த இன்னொண்ணு எங்க இருக்கு தெரியுமா அண்ணாச்சி? எம் மக கையில!"

என் மகள் ராகேலுக்கு எட்டு வயது. காலையில்தான் புத்தகத்தை அணைத்துக்கொண்டு வள்ளக்கடவுக்குப் போயிருந்தாள். அங்கே கால்வாயை ஒட்டி அவள் சிநேகிதி சற்குணத்தின் வீடு. அவர்களும் போன மாதம் நாகர்கோவிலிலிருந்து வந்தவர்கள், கரையில் நிற்கும் எந்த மரமும் அவர்களுக்குத் தெரியாது. "புஸ்தகத்துல உள்ள மரமெல்லாம் அங்க இருக்கான்னு பாக்கப் போறோம்மா" என்றாள். சமர்த்து என்று முத்தம் கொடுத்து அனுப்பினேன்.

அண்ணாச்சி ஒரு ஜட்கா வண்டியை நிறுத்தினார். இருவரும் ஏறினோம். கிழக்கேகோட்டை வாசலில் ஒரே கூட்டம், வண்டி நகரவில்லை.

"ஓட்டுமய்யா!" என்று கத்தினேன்.

"டீச்சரே, இது குதிரையாக்கும், மோட்டார் அல்ல" என்றான் வண்டிக்காரன்.

"எம் பிள்ளை விஷக்காய் தின்னப் போகுதுய்யா!"

அதற்குப் பிறகு அவன் சாட்டைதான் பேசியது. ஜெபம் பண்ணலாம் என்று வாயைத் திறந்தால் ஜெபம் வரவில்லை. நீங்களும் சுட்டுத் தின்று பாருங்கள், சுட்டுத் தின்று பாருங்கள் என்று என் வரியே வந்தது. ராகேல் சொன்னதைச் செய்கிற பிள்ளை. புத்தகத்தில் அம்மா எழுதியிருந்தால் இரண்டு தின்பாள்.

வள்ளக்கடவில் சற்குணத்தின் வீட்டுக்குப் பின்னால் புகை எழுந்தது. அதைப் பார்த்ததும் சேலையை வாரிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். கரையில் ஓலை எரிந்து அணைந்த சாம்பல், பிளந்து கிடந்த காய்கள், பக்கத்தில் விரித்து வைத்த என் புத்தகம். சற்குணம் மணலில் குப்புறக் கிடந்தாள்.

"ஐயோ, எம் பிள்ளைகளே!"

சற்குணம் தலையைத் தூக்கினாள். முகமெல்லாம் மணல், கண்ணீர். "பாருங்க டீச்சர், நான் சுட்டு வாயில வைக்கப் போனேன். இவ பருப்பைத் தட்டிக் கால்வாயில தள்ளிட்டா. எல்லாத்தையும் தள்ளிட்டா!" என்று அழுதாள்.

"நீ தின்னியா? ராகேலு, நீ தின்னியா?" என்று அருகே நின்ற மகளின் தாடையைப் பிடித்து வாயைத் திறந்து பார்த்தேன்.

"சீ, நான் தின்பேனா?" என்று அவள் என் கையைத் தள்ளினாள். "காணிக்காரன் தின்னுறதும்மா அது. நாம தொடலாமா? அப்பா சொன்னாவ, அம்மா என்ன வேணாலும் எழுதுவா, நீ அந்தக் காட்டாளுங்க தீனியைத் தொட்டுராதன்னு. அதான் இவளையும் தின்ன விடல."

"ஸ்தோத்திரம் ஆண்டவரே!" என்று அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அண்ணாச்சி பின்னாலேயே வந்து நின்று மேல்துண்டால் கண்ணைத் துடைத்தார். எதற்கு ஸ்தோத்திரம் சொன்னேன் என்பது மெதுவாகத்தான் எனக்கு உறைத்தது. எந்த நினைப்பை ஒழிக்க வேண்டும் என்று ராப்பகலாக எழுதினேனோ, அது என் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. அதுதான் இந்த இரண்டு உயிரையும் காப்பாற்றியிருக்கிறது. வெட்கமாக இருந்தது, ஆத்திரமாக இருந்தது, ஆனாலும் பிள்ளையின் சூடான கழுத்திலிருந்து முகத்தை எடுக்க முடியவில்லை.

"நான் செஞ்சது சரிதானேம்மா?" என்று கேட்டாள் ராகேல்.

"சரிதான் மக்கா" என்றேன்.