வெளித்துறையில் நின்ற கப்பல்

“கொஞ்சம் முடியல அவங்களுக்கு, அவ்வளவுதான். பையனை ஒரு எட்டு கரைக்கு அனுப்பி வச்சீங்கன்னா நல்லாருக்கும்” என்று கமீஸ் மாமா தொலைபேசியில் கடற்படை அலுவலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளறையில் அவருடைய அக்கா இன்ஸாஃபின் உடல் கிடந்தது. குளிப்பாட்ட வந்த பெண் வெந்நீருக்கு அண்டா கேட்டுக்கொண்டிருந்தாள்.

“மாமா, நேராச் சொல்லுங்க” என்றாள் இன்ஸாஃபின் மகள் நவால்.

அவர் ரிசீவரைக் கையால் பொத்தினார். “வெளியில இருக்கற புள்ளைக்கு மவுத்துன்னு போன்லயா சொல்லுவாங்க? வந்து சேரட்டும். வாசல்ல நாற்காலி போட்டிருக்கறதப் பாத்தாலே தெரிஞ்சுக்குவான்.”

நவால் வாயை மூடிக்கொண்டாள். அவளுடைய அப்பா இறந்தபோது கெய்ரோவிலிருந்த அவளிடமும் அப்பாவுக்குக் காய்ச்சல் என்றுதான் சொன்னார்கள். அலெக்சாந்திரியாவில் யாருக்கும் வேறு விதமாகச் சொல்லத் தெரியாது.

பால்கனியிலிருந்து பார்த்தால் கப்பல் தெரிந்தது. அலைதடுப்புச் சுவருக்கு வெளியே, சாம்பல் நிறத்தில், நங்கூரமிட்டு நின்றது. இத்தாலிக்காரர்கள் தங்கள் கடற்படைக்கென்று கட்டி, முடிக்கும் தறுவாயில் எகிப்துக்கு விற்ற போர்க்கப்பல். அதை ஓட்டிப் பழகத்தான் அவள் தம்பி ஸாபிர் இத்தாலிக்குப் போய் ஒரு வருஷமாகிறது. கதவு, குழாய், பொத்தான் எல்லாவற்றிலும் இத்தாலிய எழுத்து, அதன் மேல் நாங்கள் அரபியில் சீட்டு ஒட்டிக்கொண்டே திரிகிறோம் என்று அவன் சொன்னபோது அம்மா சிரித்தாள். “வேற வீட்டுப் பொண்ணுக்குத் தைச்ச கல்யாணத் துணி. நம்ம பொண்ணு இடுப்புக்குப் பிடிச்சுத் தைக்கறாங்க” என்றாள்.

வியாழக்கிழமை கரை சேருவதாக இருந்தது. கப்பலை வரவேற்கும் விழாவுக்கு வரவேண்டிய பெரியவர்கள் சனிக்கிழமைதான் வருவார்களாம். அதுவரை யாரும் இறங்கக் கூடாது, கையிலிருந்த போன்களையும் வாங்கி வைத்துவிட்டார்கள். மூச்சு வாங்கிய நிலையிலும் அம்மா மருத்துவமனைக்கு வர மறுத்தாள். “அவன் வர்ற அன்னிக்கு நான் ஆஸ்பத்திரிக் கட்டில்ல கெடக்கணுமா?” வெள்ளிக்கிழமை விடிவதற்குள் போய்விட்டாள்.

“கபர்ல எறக்கறதுக்கு ஸாபிர் வந்துடுவான்ல மாமா?”

“வருவான். வரலைன்னா…” மாமா தம் இடுப்பைத் தடவினார். அறுவை செய்து எஃகு வைத்த இடுப்பு. அமூத் மையவாடியில், தரைக்கடியில் அறைபோல் இருக்கும் கல்லறையின் குறுகிய வாயில் வழியாக அவரால் குனிந்து இறங்க முடியாது. அந்நிய ஆண் கை தன் மேல் படக்கூடாது, குழி வெட்டுகிறவன் இறக்கக் கூடாது என்று அம்மா பலமுறை சொல்லியிருக்கிறாள். ரத்த உறவில் வேறு ஆண் கிடையாது.

“ஆதில் இருக்கான்” என்றார் மாமா, தரையைப் பார்த்தபடி.

ஆதில் நவாலின் மணிக்கட்டை முறித்தவன். தலாக் ஆகி நான்கு வருஷமாயிற்று. ஆனால் ஒருமுறை மாமியாராகிவிட்டவள் அவனுக்கு எப்போதும் மாமியார்தான், தொடத் தகுந்தவள்தான். மார்க்கச் சட்டம் அப்படி.

“அம்மாதான் அவனை வெளிய தள்ளிக் கதவைச் சாத்தினா. நான் உயிரோட இருக்கற வரைக்கும் இந்த வாசலை மிதிக்காதேன்னா. மறந்துட்டீங்களா?”

“உயிரோட இருக்கற வரைக்கும்னுதானே சொன்னா” என்றார் மாமா, மெதுவாக.

ஜும்ஆ தொழுகை முடிந்தும் சேதி இல்லை. நவாலே தொலைபேசியை எடுத்தாள். “என் தம்பி அந்தக் கப்பல்ல இருக்கான். எங்க அம்மா இறந்துட்டாங்க” என்றாள்.

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம். “காலையில உடம்பு சரியில்லன்னுதானேம்மா எழுதியிருக்கு?”

“அப்ப சொன்னது அப்படி. இறந்துதான் போயிருந்தாங்க.”

“நோய்னா இன்னிக்கு எறக்க உத்தரவில்லம்மா. மவுத்துன்னு சொல்லியிருந்தா சாமான் ஏத்திட்டுப் போன படகுலயே கூட்டியாந்திருப்பாங்க. அது திரும்பி வந்தாச்சு. இனி நாளைக்கு விழா முடிஞ்சுதான். அல்லாஹ் உங்களுக்குப் பொறுமையத் தரட்டும்.”

அவள் அதை அப்படியே மாமாவிடம் சொன்னாள். அவர் வாசல் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தார். வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

“நாளைக்கு வரைக்கும் வச்சிருப்போம் மாமா.”

“ஆகஸ்ட் மாசம் நவால். குளிப்பாட்டிக் கஃபன் துணியும் கட்டியாச்சு. காத்திருக்கற மய்யித்தை நாம நிறுத்தி வைக்கலாமா?” அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “அவனைக் கூப்ட்டுட்டேன். திட்டறதுன்னா என்னைத் திட்டு.”



ஆதில் தேய்த்த சட்டையில் வந்தான். படிக்கட்டு முடிவில், வாசலுக்கு ஒரு முழம் தள்ளியே நின்றான். “உள்ள வாப்பா” என்று மாமா சொன்ன பிறகுதான் காலை வைத்தான். பால்கனிப் பக்கம் பார்த்து, “ஸாபிரோட கப்பலா அது? பெருசாத்தான் இருக்கு” என்றான்.

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு மையவாடியில் பெண்கள் சற்று ஒதுங்கி நின்றார்கள். ஆதில் செருப்பைக் கழற்றினான், கைக்கடிகாரத்தைச் சட்டைப் பைக்குள் போட்டான், குனிந்து இருட்டுக்குள் இறங்கினான். வெள்ளைத் துணிப் பொதியின் தலைப்பக்கம் முதலில் உள்ளே போனது. நவால் அம்மாவின் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவையும் போயின. உள்ளிருந்து அவன் எதையோ ஓதுவது கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

வெளியே வந்தபோது அவன் முழங்கால்களிலும் கைகளிலும் மண். நேராக அவளிடம் வந்தான்.

“வலப்பக்கமாச் சாய்ச்சு வச்சேன். மொகத்துத் துணிய வெலக்கி கிப்லா பக்கம் திருப்பினேன். தலைக்கு மண்ணு கூட்டி வச்சிருக்கேன்.”

முகம் எப்படி இருந்தது என்று கேட்க வாயெடுத்தாள். மாமாவின் பார்வை, பெண்களின் பார்வை எல்லாம் அவள் மேல் இருந்தது.

ஆதில் இரு கைகளையும் அவள் முன் நீட்டினான். அவளருகே தண்ணீர் போத்தல் ஒன்று இருந்தது. நவால் மூடியைத் திருகித் திறந்து ஊற்றினாள். அவன் விரல் இடுக்குகளிலிருந்து மண் கரைந்து, செருப்பில்லாத அவன் கால்களில் சொட்டியது. கைகளைப் புரட்டினான். அவள் புறங்கைக்கும் ஊற்றினாள்.