அதே பெட்டியில்தான் இறங்கும்

...படங்களை டேப்பில் நகல் எடுக்க நேராகச் சொருகுவதா, நெட்வொர்க் வழியாக இழுப்பதா, ரெண்டில் ஒன்றை டிக் அடித்து மத்தியானத்துக்குள் கொடு என்று மேனேஜர் சொல்லிவிட்டுப் போய்விட்டார், டீயா காபியா என்று கேட்கிற மாதிரி, அவருக்கென்ன, இந்த ஸ்கேன் சென்டரின் மூன்று வருடப் படங்களும் புது ஸ்டோரேஜ் பெட்டியில் கிடக்கின்றன, பெட்டி படுத்தால் டேப்தான் கதி, டேப்பும் படுத்தால் இவள் தலைதான் உருளும். டேப் டிரைவைப் பெட்டியிலேயே நேராகச் சொருகினால் மூன்று மணி நேரத்தில் வேலை முடியும், ஆனால் அதே கம்பெனிப் பெட்டியில்தான் படம் திரும்ப இறங்கும். நெட்வொர்க் வழியாக எடுத்தால் எந்தப் பெட்டியிலும் இறக்கலாம், ஆனால் விடிந்தும் ஓடிக்கொண்டிருக்கும், படம் திறக்க நேரமாகிறது என்று டாக்டர் குதிப்பார். குதிக்கட்டும். வேகம் வேகம் என்று அலைந்துதானே லேபிள் மாமா இந்தக் கழுத்தறுப்பை இவள் தலையில் கட்டிவிட்டுப் போனார்...

லேபிள் மாமா, இந்த நாற்காலியில் இவளுக்கு முன்னால் இருந்த ஆசாமி, கண்ணில் பட்டதிலெல்லாம் லேபிள் ஒட்டுவார், கத்திரிக்கோலில் ‘கத்திரிக்கோல்’, ஜன்னலில் ‘ஜன்னல்’, செருப்பில்கூட இடது வலது ஒட்டியிருப்பார் என்று ரிசப்ஷன் பெண் சிரிப்பாள். இத்தனை ஒட்டத் தெரிந்த மனுஷனுக்கு ஒழுங்காக டேப் எடுக்கத் தெரியவில்லையே, எல்லாம் நேராகச் சொருகி எடுத்தது, அந்தப் பழைய பெட்டியோ காயலான் கடைக்குப் போய் ரெண்டு வருடம் ஆகிறது, அதைச் செய்த கம்பெனியும் கடையை மூடிவிட்டது, இப்போது அலமாரியில் நாற்பது டேப் செங்கல் மாதிரி அடுக்கியிருக்கிறது. அதில் ஏதோ ஒன்றில்தான், இப்போது ஸ்கேனுக்கு வந்த ஒரு அம்மாவின் ஆறு வருடத்துக்கு முந்தைய படம் இருக்கிறது. புதுப் படத்தில் நுரையீரலில் ஒரு புள்ளி. “பழைய படத்துலயும் இது இருந்துச்சுன்னா விட்டுடலாம், இல்லைன்னா வெட்டித்தான் பாக்கணும்” என்று டாக்டர் சொல்லிவிட்டார், திங்கட்கிழமை ஆபரேஷன், வீடு மாறியதில் ஃபிலிம் தொலைந்துவிட்டதாம், அந்த அம்மாவின் வீட்டுக்காரர் மூன்று வாரமாகத் தினமும் வந்து அதே நாற்காலியில் உட்காருகிறார், சத்தம்கூடப் போடுவதில்லை, போட்டாலாவது இவளும் பதிலுக்குக் கத்தலாம். “எனக்கு முன்னாடி இருந்தவர் பண்ண வேலை சார்” என்று நேற்றும் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது.

நெட்வொர்க் என்பதில் அழுத்தி டிக் அடித்தாள், பேப்பர் கிழிந்தது, கிழியட்டும். டேப் டிரைவில் ஒரு குறிப்பாவது ஒட்டிவைப்போம், நாளைக்கு வருகிறவள் இவளைத் திட்டக்கூடாது பார்... இழுப்பறையைத் திறந்தால் அவருடைய லேபிள் சுருள்தான் கையில் வந்தது, பிசின் விரலில் ஒட்டியது, இந்தப் பிசுபிசுப்பு, ரெண்டு வருடத்துக்கு முன்னால் வேலையில் சேர்ந்த முதல் வாரம், பிளேடு வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க எல்லா லேபிளையும் சுரண்டினாளே, ரிசப்ஷன் பெண்ணும் கூடச் சேர்ந்து, என்ன சிரிப்பு. கடைசி அலமாரியில் தூசி படிந்த பெட்டி ஒன்று, அதன் லேபிள் மட்டும் நீளமாக நாலு வரி, ‘டேப் இருக்கிறவரை இந்தப் பெட்டியை’... அப்புறம்? படித்தாளா? பாதி படித்தாள். பாரேன், மாமா கதையே எழுதியிருக்கார் என்று சொல்லி உரித்தாள். புது டிரைவ் வைக்க இடம் வேண்டியிருந்தது. காயலான் லிஸ்டில் ‘உபயோகமில்லை’ என்று எழுதியது யார் கையெழுத்து?

போன் அடித்தது. ரிசப்ஷன் பெண்.

“அக்கா, அந்த அம்மா வீட்டுக்காரர் வந்துட்டாரு. முன்னாடி இருந்தவரோட நம்பர் கேக்குறாரு, தானே பேசிப் பாக்குறாராம். நம்மகிட்ட இருக்கா?”

இல்லை என்று வாய்வரை வந்தது. ரிசீவரின் உள்பக்கம் விரலில் ஏதோ தட்டுப்பட்டது, திருப்பிப் பார்த்தாள், பிளேடு படாத ஒரே ஒரு லேபிள், பொடி எழுத்தில் ‘சந்தேகம் வந்தால் கூப்பிடவும்’, கீழே பத்து எண்கள். மூன்று வாரமாக இந்த ரிசீவரைப் பிடித்துக்கொண்டுதானே மாமாவைத் திட்டினாள்...

“அக்கா? என்ன சொல்லட்டும்?”