சண்டைக்காரியின் பின்னந்தலை

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, இன்னும் கிட்ட. காலை நீட்டிக்கொள்ளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மரத்தில் முகம் செய்த ஒருத்தியின் கதை சொல்கிறேன். கேட்டு முடிப்பதற்குள் உங்கள் கை உங்களை அறியாமல் பின்னந்தலையைத் தடவும், பாருங்கள்.

அவள் பொம்மை செய்கிறவள், அவள் புருஷன் அதை நூலில் ஆட்டுகிறவர். லேசான மரத்தைச் செதுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சுண்ணாம்புப் பொடியைப் பசையில் குழைத்துப் பூசி, காய்ந்ததும் மூஞ்சி வரைவாள். வாய் காது வரைக்கும் போகும், புருவம் விரல் தடிமன் இருக்கும். பக்கத்தில் பார்த்தால் பயமாயிருக்கும். "கடைசி வரிசைக்காரனுக்கும் தெரியணுமில்ல?" என்பாள்.

கடைசி வரிசை என்ன, முதல் வரிசையிலிருந்துகூட அவள் பார்த்ததில்லை. ஆட்டம் நடக்கும்போது திரைக்குப் பின்னால், உயரப் பலகை மேல், புருஷனோடு நின்று இரண்டாவது பொம்மையின் நூலைப் பிடிக்க வேண்டும். அங்கிருந்து தெரிவதெல்லாம் வகிடும் கொண்டையும்தான். முன்னால் ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கும். எந்த மூஞ்சிக்குச் சிரிக்கிறார்கள்? பெற்றவளுக்குத் தெரியாது.

"ஒரே ஒரு வாட்டி முன்னாடி உட்கார்ந்து பார்க்கணுங்க."

"என்னத்தைப் புதுசா பார்க்கப் போறே? நீ வரைஞ்ச மூஞ்சிதானே."

"நான் வரைஞ்சது சும்மா கிடக்கு. நீங்க ஆட்டினா எப்படி இருக்குமோ..."

"நீ போயிட்டா நூலை யாரு பிடிப்பா, உங்க அப்பாவா?"

அதோடு பேச்சு முடிந்துவிடும். நமக்கு வாய்த்தது பின்னந்தலைதானே என்று ஒரு நாள், சண்டைக்காரி என்கிற பொம்மையின் கொண்டையில் ஓர் எறும்பு வரைந்து வைத்தாள். அன்றைய ஆட்டத்தில் அவர் அதை நிஜ எறும்பென்று நினைத்து, வசனத்துக்கு நடுவில் ஃபூ ஃபூவென்று ஊதினார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அந்த எறும்பு அவர்கள் இரண்டு பேருக்கு மட்டுமே ஆனது. பொம்மையின் முதுகைச் சபைக்குக் காட்டுவது ஆட்டுகிறவருக்கு அவமானம், ஆணியும் முடிச்சும் தெரிந்துவிடுமே!

படியில் வழுக்கி அவள் மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டபோது, நாத்தனார் நூல் பிடிக்க வந்தாள். "போங்க அண்ணி, மகாராணியாட்டம் முன்னாடி உட்காருங்க. அண்ணன் திட்டினா நான் வாங்கிக்கறேன்."

உட்கார்ந்தாள். திரை விலகியது. அடேயப்பா! விளக்கு வெளிச்சத்தில் சண்டைக்காரியின் அந்தப் பெரிய வாய் சீறியது, கெஞ்சியது, அழப்போவதுபோல் கோணியது. பக்கத்து நாற்காலிக்காரர் சிரித்துச் சிரித்து இருமினார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. குரல் வருகிறது, ஆளைக் காணவில்லை. வசனத்துக்கு முன்னால் அவர் மூச்சு இழுப்பாரே, அது இங்கே கேட்கவில்லை. ஆசைப்பட்ட இடத்தில் உட்கார்ந்துகொண்டு, விட்டு வந்த இடத்துக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

அப்போது சண்டைக்காரி சண்டையை நிறுத்தினாள். மெல்லத் திரும்பி, சபைக்கு முதுகைக் காட்டினாள்.

"ஐயையோ, நூல் சிக்கிடுச்சு போல," என்றார் பக்கத்து நாற்காலிக்காரர்.

"கொண்டையில எறும்பு ஊருதே!" என்றாள் சண்டைக்காரி. "பார்த்துச் சிரிக்கறவளை இன்னைக்குப் பக்கத்துல காணோமே!"

சபை கொல்லென்று சிரித்தது. அத்தனை தூரத்துக்கு எறும்பு யாருக்கும் தெரியவில்லை. அவளுக்கு மட்டும் தெரிந்தது. கண்ணீர் தளும்பியதில் அது ஊரவும் செய்தது.

ஆட்டம் முடிந்து பின்னால் போனாள். அவர் நூலைச் சுற்றிக்கொண்டே, அவளைப் பார்க்காமல் கேட்டார்: "எப்படி இருந்துச்சு?"

"மூக்கு சின்னது. நீங்க நல்லா ஆட்டறீங்க."

"இத்தனை வருஷம் கழிச்சா சொல்றே?"

"இன்னைக்குத்தானே பார்த்தேன்."

மணிக்கட்டு சரியானதும் பழையபடி பலகை மேல் ஏறி நின்றாள். ஏக்கம் தீர்ந்ததா என்கிறீர்களா? எங்கே தீர்கிறது! ஜனம் சிரிக்கும்போதெல்லாம் அந்த நாற்காலி கூப்பிடும். போகலாமென்றால் பக்கத்தில் அவர் மூச்சு. இரண்டு பக்கமும் இருக்க, உடம்பு ஒன்றுதானே!

உங்கள் வீடு நிறைந்திருக்கட்டும் கண்ணுகளா. உங்களை முன்னாலிருந்து பார்த்துச் சிரிக்கவும், பின்னாலிருந்து எறும்பை ஊதிவிடவும், அந்த வீட்டில் எப்போதும் ஆள் இருக்கட்டும்.