ஜெலிந்தோ உலர்ந்த குளிர்காலம்

அந்த வருடம் திராட்சைக் குலைகளைப் பரணில் உலரப் போட்ட மூன்றாம் வாரம் ஜெலிந்தோவும் உலரத் தொடங்கினான். இத்தாலியின் வல்போலிசெல்லாவில் அமரோனே ஒயினுக்கான திராட்சை நூறு நாள் நாணல் தட்டில் கிடந்து, பத்தில் நாலு பங்கு எடை இழக்க வேண்டும். ஜெலிந்தோ எண்பத்திரண்டு கிலோ. அவன் மனைவி இசோத்தா குலை நிறுக்கும் தராசில் அவனை ஏற்றிப் பார்த்தாள். குலைகள் குறைந்த அதே கணக்கில், இம்மி பிசகாமல், அவனும் குறைந்திருந்தான்.

மருத்துவர் வந்து நாக்கை நீட்டச் சொன்னார், நெஞ்சைத் தட்டினார், நோய் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு இரண்டு பாட்டில் ஒயின் வாங்கிக்கொண்டு போனார். பக்கத்துத் தோட்டத்துத் தூலியோ வேலிமேல் சாய்ந்து, "உன் புருஷன எந்தத் தட்டுல காயப் போட்டிருக்க?" என்று கேலி பேசினான். நவம்பர் மூடுபனி இறங்கியதும் அவனும் வாயை மூடிக்கொண்டான். பனி புகுந்தால் பூஞ்சணம் வரும். ஒரு பழத்தில் வந்தால் தட்டு முழுக்கப் பரவும். இசோத்தா பரண் ஜன்னல்களை அடைத்துவிட்டு ஓடிவந்து படுக்கையறை ஜன்னலையும் அடைப்பாள். ஒரு காலையில் ஜெலிந்தோவின் காதுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில், மெத்தென்று, ஒரு புள்ளி இருந்தது. அழுகின பழத்தைக் கிள்ளி எறிந்தே பழகிய கை அவளுடையது. இதைக் கிள்ளாமல், காடியில் நனைத்த துணியால் துடைத்தாள்.

"பிழிஞ்சிடலாம்யா. பழம் காயறது நின்னா நீ காயறதும் நின்னுடும்."

"டிசம்பருக்கு முன்னாடி கை வச்சா அமரோனேன்னு முத்திரை தர மாட்டாங்க. எங்கப்பன் ஜனவரி வரைக்கும் வச்சவன். நான் பயந்துட்டேன்னு ஊர் சிரிக்கணுமா?"

"சிரிச்சுட்டுப் போகட்டும்! நீ இருந்தாத்தானேடா முத்திரைய ஒட்டுவ, மடையா!"

அவன் மசியவில்லை. கிறிஸ்துமஸ் சமயத்தில் அவன் புரண்டால் படுக்கையில் சருகுச் சத்தம் கேட்டது. ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு மறுநாள், நாற்பத்தொன்பது கிலோவில் அவன் மறுக்கத் தெம்பில்லாமல் கிடக்க, இசோத்தா தானே குலைகளை இறக்கி நசுக்கினாள். உலர்வது நின்றது. ஆனால் தொட்டியில் ரசம் புளித்துப் பொங்கிய நாற்பது நாளும் அவனுக்குக் காய்ச்சல். பிழியாமல் விட்டால் ரசம் காடியாகிவிடும். அப்போது அவனும் என்ன ஆவானோ! கடவுள்மேல் பாரத்தைப் போட்டு அழுத்துபொறியைத் திருகினாள். ஒவ்வொரு திருகலுக்கும் மாடியில் ஒரு முனகல் கேட்டது. கடைசித் திருகலில் கேட்கவில்லை. ஏறிப் பார்த்தாள். போர்வைக்குள் கண்கள் மட்டும் உயிரோடிருந்தன, மற்றதெல்லாம் தோல். நானே கொன்றுவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அழுதபடியே, வருடாவருடம் செய்வதைச் செய்தாள். பிழிந்த சக்கையை அங்கே யாரும் எறிவதில்லை. அதன்மேல் சாதாரண இளம் ஒயினை ஊற்றி ஊறவிடுவார்கள். ரிபாஸோ என்று பெயர். கணவனைக் கைமேல் மடித்துப் போட்டு இறக்கி, சக்கையோடு தொட்டியில் கிடத்தி ஊற்றினாள். பன்னிரண்டு நாள் அந்த இடத்தை விட்டு அவள் நகரவில்லை. பதின்மூன்றாம் நாள் காலையில் ஜெலிந்தோ விளிம்பைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தான். முன்பைவிடச் சிவந்திருந்தான். "கொஞ்சம் கசக்குது," என்று சொல்லிவிட்டுச் சோளக்களி கேட்டான். அந்த ஒயினும் நல்லபடியாக விற்றது.

அடுத்த வருடம் புதுக் குலைகளைத் தட்டில் அடுக்கிய மூன்றாம் வாரம், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த இசோத்தாவின் விரலிலிருந்து கல்யாண மோதிரம் கழன்று தண்ணீரில் விழுந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜெலிந்தோ மோதிரத்தை எடுத்துத் துடைத்துத் தன் சுண்டுவிரலில் போட்டுக்கொண்டான்.

"இந்தத் தடவ டிசம்பர் ஒண்ணு. ஒரு நாள்கூடத் தாண்டாது," என்றான்.

பிறகு நிலவறைக்குப் போய், இளம் ஒயினில் நல்லதாக ஒரு பீப்பாயைப் பார்த்துத் தனியே உருட்டி வைத்தான்.