அணைக்கக் கூடாத உலை

விடிவதற்குள் அவள் உலை வாயில் நின்று பாதி வெந்திருந்தாள். உருகிய கண்ணாடியைக் குழாய் நுனியில் சுருட்டி எடுத்து அச்சுக்குள் இறக்கி ஊதும்போது புருவ மயிர் பொசுங்கும். வியர்வை வாய்க்குள் வழிந்து கரிக்கும். பாட்டில் ஆலையில் அவளுக்கு நெருப்புக்கோழி என்று பட்டப்பெயர். எண்ணெய்க் குழாய் வெடித்துப் புருஷனின் இரண்டு கண்களும் போன பிறகு அவன் இடத்தில் நிற்கிறாள். வெடிக்கும் முன்பே அந்தக் குழாயை மாற்றச் சொல்லி அவன் கேட்டபோதெல்லாம், "பேங்க் பணம் வரட்டும்" என்றார் முதலாளி. வரவில்லை. கூலியும் பாதியானது.

அன்று முதலாளியே உலையடிக்கு வந்தார்.

"அணைச்சிடுங்க. இனிமே எண்ணெய் வாங்க வழியில்ல."

பக்கத்தில் ஊதிக்கொண்டிருந்த அவளுடைய கொழுந்தன் ஊதுகுழாயைக் கீழே போட்டான். "அணைச்சா உள்ள இருக்கிற கண்ணாடி பாறையா இறுகி உலையே பிளந்துடும். அப்புறம் இது சுடுகாடுதான்."

"தவணை கேட்டுக் கால்ல விழாத குறை. பேங்க்காரன் மாட்டேங்கறான்."

"நாம மூழ்கினா அவன் பணமும்தானே போகும்?" என்றாள் அவள்.

முதலாளி சிரித்தார். அழுகையைவிடக் கேவலமாக இருந்தது அது. "போகாதும்மா. நம்ம கடன் மேல வேற கம்பெனிகிட்ட இன்சூரன்ஸ் மாதிரி ஒரு காப்பு வாங்கி வச்சிருக்கான். அந்தத் தைரியத்துலதான் அன்னைக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குடுத்தான். நான் கட்ட முடியாம விழுந்தா அந்தக் கம்பெனி அவனுக்குக் குடுத்துடும். கடனுக்கு மேலயே வருமாம். நாம பொழச்சு அவனுக்கு என்ன ஆகணும்?"

"கண்ணு போன எங்க வீட்டுக்காரருக்கு ஒரு காப்பும் இல்ல. கடனுக்கு இருக்குதா?"

"என்னை என்ன பண்ணச் சொல்ற? என் வீடே அடமானத்துல இருக்கு."

"உங்களுக்கு இன்னொரு வீடு இருக்குங்க. எங்களுக்கு இந்த உலைதான்."

முதலாளி தானே எண்ணெய்த் திருகை மூடப் போனார். பழுக்கக் காய்ந்த ஊதுகுழாயோடு அவள் குறுக்கே நின்றாள்.

"நாம சாகணும்னு பேங்க்காரன் காத்திருக்கான். செத்துக் காட்டணுமா?"

பாட்டில் அடுக்கும் கிழவர் ஒரு மரப்பெட்டியை மிதித்து உடைத்து உலைக்குள் எறிந்தார். பிறகு எல்லோரும் உடைத்தார்கள். பாதிப் பேர் உலைக்கு விறகு போடுவது, பாதிப் பேர் தவணை கேட்டு பேங்க் வாசலில் உட்காருவது என்று முடிவானது. எத்தனை நாள் தாங்கும் என்று எவருக்கும் தெரியாது.

பெட்டிகள் தீர்ந்துகொண்டிருந்தபோது அவள் புருஷன் சுவரைத் தடவித் தடவி வந்தான். தோளில் அவர்கள் வீட்டுக் கட்டிலின் கால்கள்.

"கதவையும் கழட்டிருப்பேன், ஆணி எங்க இருக்குன்னு தெரியல" என்றான். "உலை வாய் எந்தப் பக்கம்?"

அவன் கையைப் பிடித்துச் சூட்டின் பக்கம் திருப்பினாள்.